கடுகும் பூசணிக்காயும்

கடுகு போன இடத்தைத் தேடித் துருவுவார்கள்; பூசணிக்காய் போன இடத்தைப் பற்றிக் கேட்கவும் மாட்டார்கள் என்று நம் நாட்டிலே ஒரு பழமொழி உண்டு. நையாண்டியாகச் சொல்லப்பட்டது என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். இல்லை, தோழர்களே! அது நம் வீட்டின் வரலாறு. நம் வீட்டின் வரலாறு மட்டுமன்று. உங்கள் வீட்டின் வரலாறாகவும் இருக்கக்கூடும். ஆகவேதான் வீட்டுச் செய்தியை ஏட்டிலே எழுத முற்பட்டோம்.

சிக்கனம் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் சிரிக்காதீர்கள். நாட்டுச் சிக்கல்கள் நூறு இருக்க, அடுக்களைச் செய்தி எதற்கு என்று கேட்காதீர்கள். அடுக்களையில் அடங்கிக் கிடப்பது அரிசியும் பருப்பும் மட்டுமல்ல. ஒரு பெண்ணின் படிப்பு அங்கே அடங்கிக் கிடக்கிறது. ஒரு குடும்பத்தின் தன்மானம் அங்கே அடகு வைக்கப்படுகிறது. கடன்பட்டவன் நிமிர்ந்து பேச முடியாது. நிமிர்ந்து பேச முடியாதவன் பகுத்தறிவு பேசினால், கேட்பவன் கடன் கொடுத்தவனாக இருந்தால், கைகொட்டிச் சிரிப்பான்.

முதலில் கடுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

நம் அன்னையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தந்தையார் அரிசி ஆலை ஒன்றிலே எடை போடும் பணியாளர். ஆண்டுதோறும் ஆலையிலே கிடைக்கும் நாட்குறிப்பை அவர் வீட்டிற்குக் கொண்டு வருவார். அன்னையார் அதிலே கணக்கு எழுதுவார். கடுகு இரண்டு ரூபாய். உப்பு மூன்று ரூபாய். சோப்பு அரைக்கட்டி. தீப்பெட்டி ஒன்று. இப்படி நாள் தவறாமல், நயா பைசா தவறாமல் எழுதுவார்.

எழுதியதோடு நின்றவரல்லர், அறிந்தும் செய்தவர். கொண்டைக் கடலையை முதல் நாள் இரவே ஊற வைப்பார். உலை கொதித்ததும் தீயைத் தணிப்பார். பாத்திரத்தை மூடாமல் அடுப்பில் வைத்தால் அவருக்குப் பொறுக்காது. இதிலே அறிவியல் இருக்கிறது, தோழர்களே! திறந்த பாத்திரத்திலே தண்ணீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கிறது. கொதிக்கத் தொடங்கியபின் தீயை எவ்வளவு தூண்டினாலும் அது 100 பாகைக்கு மேலே ஏறாது. தூண்டிய தீ முழுவதும் ஆவியாகி அடுக்களைக் கூரையைத்தான் சூடேற்றும். அரிசியை விரைந்து வேகவைக்காது. அழுத்தக் கொதிகலனாம் குக்கரிலோ ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் கூடுவதால் வெப்பம் 120 பாகை வரை உயர்கிறது; பருப்பு விரைவில் வேகிறது; எரிவாயு மிச்சமாகிறது. பாடநூலில் இதைப் படித்த நாம் ஒருநாளும் அடுப்பைத் தணித்ததில்லை. பாடநூலையே பார்க்காத அன்னையார் நாள்தோறும் தணித்தார்.

மின்சாரத்திலும் அப்படியே. பழைய 60 வாட் குண்டு விளக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், இரண்டு திங்களில் 18 அலகு மின்சாரத்தை விழுங்கும். ஏறத்தாழ அதே வெளிச்சத்தைத் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதே நேரத்திற்கு மூன்று அலகைக்கூட எட்டுவதில்லை. பழைய மின்விசிறி 75 வாட். புதிய வகை மின்விசிறி 30 வாட் அளவிலே சுழலும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால், பழையது இரண்டு திங்களில் 54 அலகு. புதியது 22 அலகு. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு திங்களுக்கு முதல் 100 அலகு கட்டணமில்லை என்ற சலுகை தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு வந்தது. அந்த நூறுக்கு மேல் எத்தனை அலகு ஏறுகிறது என்பதை, ஒரு விளக்கும் ஒரு விசிறியும் தீர்மானிக்கும் வீடுகள் பல உண்டு.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பிலே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஐம்பது சதுர மீட்டர் மாடியிலே இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேமிப்பைக் கட்டடங்கள் அனைத்திற்கும் கட்டாயமாக்கினார்கள். குழாய் பதித்தோம், குழி தோண்டினோம், அதன்பின் குழியிலே குப்பை கொட்டினோம். கோடையிலே தண்ணீர் வண்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு, மழைக்காக வேள்வி நடத்த நன்கொடையும் கொடுத்த தெரு ஒன்றை நாம் அறிவோம். வந்த மழையைப் பிடிக்கக் குழியைத் துப்புரவு செய்ய ஆளில்லை. வராத மழையை வரவழைக்க வசூல் நடக்கிறது!

இவையெல்லாம் நல்ல சிக்கனங்கள். செய்ய வேண்டியவை. செய்பவரைப் பாராட்ட வேண்டியவை. ஆனால் தோழர்களே, இவையெல்லாம் கடுகு.

பூசணிக்காய்க்கு வருவோம்.

2004ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். அப்போது நமக்கு அகவை இருபத்திரண்டு. இயக்கத்திலே ஈடுபட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடை ஏறியிருந்தோம். செத்தவனுக்குச் சோறு எதற்கு, செல்லும் வழிக்குச் செருப்பு எதற்கு, பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு எந்த ஆற்றைக் கடக்கிறான் என்று முழங்கி, கைதட்டும் வாங்கியிருந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் பற்றிப் பேச உறவினர் கூடினர். திண்ணையிலே பாய் விரித்து ஆண்கள் அமர்ந்தனர். பந்தல் இவ்வளவு, பந்தி இவ்வளவு, புரோகிதருக்கு இவ்வளவு, துணிமணி இவ்வளவு என்று பேசினர். "ஊரார் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார் ஒருவர். அந்த நாலு பேர் யாரென்று மேடையில் கேட்டிருந்தால் நாம் அரைமணி நேரம் பேசியிருப்போம். திண்ணையில் கேட்டபோது நாவெழவில்லை. பெற்றவர் மறைந்த துயரம் ஒருபுறம். பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் "தகப்பனுக்குச் செய்ய மனமில்லாமல் கொள்கை பேசுகிறான்" என்பார்களே என்ற அச்சம் ஒருபுறம். ஒப்புக்கொண்டோம். மேடையில் முழங்கிய நாம் ஆற்றங்கரையில் மொட்டைத் தலையுடன் நின்றோம்.

செலவு 40,000 ரூபாய். கையிலே இல்லை. கடன் வாங்கினோம். நூற்றுக்கு மூன்று வட்டி. கேட்பதற்கு மூன்றே மூன்று ரூபாய், இனிமையான சொல்! நூற்றுக்கு மூன்று என்பது திங்களுக்கு. ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு. நாற்பதாயிரத்திற்குத் திங்கள்தோறும் 1,200 ரூபாய். முப்பத்து நான்காம் திங்களிலே கட்டிய வட்டி, வாங்கிய முதலைத் தாண்டிவிட்டது. முதலோ அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. கொடும் வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டிலே 2003ஆம் ஆண்டே வந்துவிட்டது. நாம் கடன் வாங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. சட்டத்தைத் தேடிப் போகும் துணிவு, கைநாட்டு வைத்த வீட்டுக்கு எங்கிருந்து வரும்? ஐம்பது திங்கள் கட்டினோம். வட்டி 60,000, முதல் 40,000. ஆக ஒரு நூறாயிரம் ரூபாய். ஒரு நாள் பந்திக்கு ஓராண்டன்று, ஈராண்டன்று. நான்கு ஆண்டுகளுக்கு மேலே உழைத்துக் கொட்டினோம்.

நமக்கு ஒரு தங்கை உண்டு. அந்த ஆண்டு அவள் பன்னிரண்டாம் வகுப்பிலே தேறியிருந்தாள். செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணம் கட்டக் கடைசி நாள், காரியம் முடிந்த எட்டாம் நாள். கட்டவில்லை. கட்ட முடியவில்லை. அவள் அழவுமில்லை, கேட்கவுமில்லை. அடுத்த திங்கள் நூற்பாலைக்கு வேலைக்குப் போனாள். அவள் கொண்டுவந்த ஊதியம்தான் 1,200 ரூபாய் வட்டியாக வெளியே போயிற்று. தந்தையின் ஆவி எங்கே போயிற்று என்று நமக்குத் தெரியாது. போக ஆவியே இல்லை என்பதும் நம் கொள்கை. ஆனால் தங்கையின் படிப்பு எங்கே போயிற்று என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

இதை எழுதக் கை கூசுகிறது. எனினும் எழுதுகிறோம். பிறர் மூடத்தனத்தைப் பற்றி எழுதிய பக்கங்கள் ஏராளம். நம் கோழைத்தனத்திற்கு ஒரு பக்கமாவது வேண்டாமா?

ஆண்டுகள் உருண்டன. சென்ற ஆண்டு நம் மகள் பருவமெய்தினாள். அகவை பதின்மூன்று. உடலிலே இயற்கையாக நடக்கும் மாறுதல்; தாய் அருகிலிருந்து விளக்க வேண்டிய உடல்நூல் செய்தி. நம் சமுதாயத்திலோ, அது மண்டபம் பிடிக்க வேண்டிய விழா!

மஞ்சள் நீராட்டு நடத்தியே தீரவேண்டும் என்றார் அன்னையார். நாள் குறிக்கவும் ஆள் அனுப்பினார். உறவினர் மீண்டும் கூடினர். ஒரு பட்டியல் உருவாயிற்று. மண்டபம் 35,000, விருந்து, முந்நூறு பேருக்கு 45,000, பட்டும் நகையும் 40,000, நிழற்படம், காணொளி 20,000, பந்தல், ஒலி, ஒளி 15,000, அழைப்பிதழ், பதாகை 10,000, தாம்பூலப் பை முதலியன 10,000. கூட்டினால் 1,75,000 ரூபாய். இதிலே தாய்மாமன் சீர் சேரவில்லை. துணைவியாரின் தம்பி சரக்குந்து ஓட்டுபவர். சீர்வரிசைத் தட்டுகளோடு ஊர்வலம் வர அவரும் கடன் வாங்க வேண்டும். ஒரு சிறுமியின் உடல் வளர்ந்ததற்காக இரண்டு குடும்பங்கள் கடனாளியாக வேண்டும்!

நாம் மறுத்தோம். இம்முறை நாவெழுந்தது. ஆனால் அன்னையார் எளிதில் விடுபவரல்லர். அவரிடம் ஒரு வாதம் இருந்தது. மூடநம்பிக்கை வாதமன்று, கணக்கு வாதம்.

"தம்பி, இருபது வருடமாக ஊரெல்லாம் மொய் எழுதியிருக்கிறோம். 92,000 ரூபாய் வெளியே நிற்கிறது. விழா நடத்தாமல் அது எப்படித் திரும்பி வரும்? நீ கொள்கை பேசுகிறாய். என் பணத்தை யார் தருவார்கள்?"

தோழர்களே, இந்த வாதத்தை ஏளனம் செய்து தள்ளிவிடக்கூடாது. மொய் என்பது தொடக்கத்திலே அறிவுடைய ஏற்பாடாகத்தான் இருந்திருக்க வேண்டும். வங்கி இல்லாத ஊரிலே, ஒருவனுக்குப் பெருஞ்செலவு வரும்போது ஊர்கூடித் தோள்கொடுப்பது, வட்டியில்லாக் கடன். புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் விழா எதுவுமின்றி மொய் வாங்குவதற்காகவே விருந்து வைக்கும் வழக்கமும் உண்டு. அது வெளிப்படையான கொடுக்கல் வாங்கல். ஆனால் உதவியாக இருந்தது இன்று எப்படியாயிற்று? கொடுத்ததை வாங்குவதற்காக விழா, விழாவுக்காகக் கடன், வந்த மொய்யைவிடக் கூடுதலாகத் திருப்பி எழுத மீண்டும் கடன்! கயிற்றை நீட்டிக் காப்பாற்றியவர்கள், அதே கயிற்றால் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கிணற்றிலே இறங்குகிறார்கள்.

தாளை எடுத்தோம். கணக்குப் போட்டோம். செலவு 1,75,000. மொய் முழுவதும் வந்தாலும் 92,000. குறைவது 83,000. நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கினால் திங்களுக்கு 2,490 ரூபாய். அன்னையார் எண்களைப் பார்த்தார். "அது உன் கணக்கு, இது ஊர்க் கணக்கு" என்று சொல்லி, உள்ளே சென்று, பழைய நாட்குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். மொய் விவரங்கள் அதன் பின்பக்கங்களிலேதான் எழுதப்பட்டிருந்தன. ஆலையிலிருந்து தந்தையார் கடைசியாகக் கொண்டுவந்த நாட்குறிப்பு. 2004.

நாம் அதைத் தொடவில்லை. மகள் எடுத்தாள். மொய்ப் பக்கத்தைத் தேடுவதற்காக முன்பக்கங்களைப் புரட்டினாள். வாய்விட்டுப் படித்தாள். கடுகு இரண்டு ரூபாய். உப்பு மூன்று ரூபாய். தீப்பெட்டி. அரைக்கட்டி சோப்பு. ஒரு பக்கத்திலே நின்றாள். அந்தப் பக்கத்தில் ஒரே வரி: காரியம் 40,000.

"அப்பாயி, கடுகுக்குக்கூடக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். இந்த நாற்பதாயிரம் எதெதற்குப் போயிற்று என்று எழுதவில்லையே?"

அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அதை என்னிடம் யார் கேட்டார்கள் தாயி? ஆம்பிளைகள் திண்ணையிலே பேசி முடித்தார்கள். கடுகு என் கையில் இருந்தது, எழுதினேன்" என்றார்.

மஞ்சள் நீராட்டுக்கு உதவ வந்திருந்த தங்கையும் அங்கேதான் இருந்தாள். அவளிடம் மகள் திரும்பினாள். "அத்தை, அந்த வருடம்தானே நீங்கள் படிப்பை விட்டீர்கள்?" என்றாள். தங்கை தலையை மட்டும் அசைத்தாள். பிறகு, "காலேஜுக்கு அன்றைக்குக் கேட்டது பதினெட்டாயிரம்" என்றாள். இருபது ஆண்டுகளாக அந்த எண்ணை அவள் நம்மிடம் சொன்னதில்லை. மறந்திருக்கவும் இல்லை.

அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. நாள் குறிக்கப் போன ஆளை அன்னையாரே திரும்ப அழைத்தார். நம் சொற்பொழிவு அவரை மாற்றவில்லை. அவர் கையெழுத்தே அவரை மாற்றியது. மகள் சொன்ன இன்னொரு சொல்லையும் இங்கே எழுதிவைக்கிறோம்: "என் உடம்பில் நடந்ததைத் தெருமுனையில் பதாகை வைத்து ஏன் சொல்லவேண்டும்?" சமுதாயச் சீர்திருத்தம் பற்றி நாம் எழுதிய கட்டுரைகளிலே இவ்வளவு சுருக்கமான வரி ஒன்றும் இல்லை.

92,000 ரூபாய் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறோம். வரவில்லை. உறவினர் மூவர் மட்டும் தாமாக வந்து, "பிள்ளையின் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று தாம் தரவேண்டியதைத் தந்து சென்றனர். மற்றவை மகளின் திருமணத்தின்போது வரலாம், வராமலும் போகலாம். அன்னையாருக்கு அதிலே வருத்தம் உண்டு. இரண்டு வீட்டார் இன்னும் நம்மோடு பேசுவதில்லை. சீர்திருத்தம் செலவில்லாமல் வரும் என்று நாம் யாருக்கும் சொல்லமாட்டோம். ஆனால் வட்டியாகக் கட்டியிருக்க வேண்டிய 2,490 ரூபாயோடு பத்து ரூபாய் சேர்த்து, திங்கள்தோறும் 2,500 ரூபாய் அஞ்சலகத் தொடர் வைப்பிலே மகள் பெயரில் போடுகிறோம். அறுபது திங்களில் 1,50,000 ரூபாயும் அதற்கு வட்டியும் வரும். அப்போது அவளுக்கு அகவை பதினெட்டு. கல்லூரிக் கட்டணத்திற்குக் கடைசி நாள் வரும். இம்முறை அந்த நாள் நம்மைக் கேலி செய்துவிட்டுப் போகாது.

இதை நம் வீட்டின் தனிக்கதையாக மட்டும் நினைக்கவில்லை. இயக்கத்தின் வரலாற்றிலேயே இந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஈரோட்டிலே வணிகம் செய்து, காசின் அருமையை அறிந்தவர் பெரியார். குழந்தைக்குப் பெயர் சூட்டவும், தம்மோடு நின்று படம் எடுத்துக்கொள்ளவும் காசு கேட்டார். கேட்டவர்களைக் கண்டு எள்ளியவர்களும் உண்டு. அந்தக் காசைச் சேர்த்துப் பொதுப்பணிக்கு விட்டுச்சென்றார். 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் புரோகிதரை விலக்கித் திருமணம் நடத்தியபோது, விலக்கியது மந்திரத்தை மட்டுமன்று. பல நாள் பந்தியையும், கடன் பத்திரத்தையும் சேர்த்தே விலக்கச் சொன்னது. அத்தகைய திருமணங்கள் செல்லும் என்ற சட்டத்தை 1967இல் அண்ணாவின் அமைச்சரவை கொண்டுவந்தது. உறவினரும் நண்பரும் முன்னிலையில், இருவர் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்து, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். மாலைக்கு ஆகும் செலவிலே மணவாழ்க்கை தொடங்கலாம் என்று சட்டமே வழிகாட்டியது. நாமோ சட்டத்தைப் பெற்றுக்கொண்டோம், சிக்கனத்தை மறந்துவிட்டோம். புரோகிதர் இல்லாத மேடைக்குப் பத்து நூறாயிரத்திற்குப் பூ அலங்காரம் செய்து, அதற்குச் சீர்திருத்தத் திருமணம் என்று பெயரும் சூட்டுகிறோம்.

அரசின் கணக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலே ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் 1989இல் வந்தது. 2011இல் அதனோடு தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராமாயிற்று. 2022இல் அந்தத் திட்டம், அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குத் திங்களுக்கு ஆயிரம் ரூபாய் தரும் உயர்கல்வித் திட்டமாக மாறியது. தங்கம் இல்லையே என்று குறைபட்டவர்கள் உண்டு. அவர்கள் வறுமையை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் தாலிக்குப் போன தொகை ஏட்டுக்குப் போயிற்று என்பது சிறிய மாற்றமன்று. அரசாங்கம் தன் கணக்கிலே மாற்றி எழுதியதை, நாம் நம் வீட்டு நாட்குறிப்பிலே மாற்றி எழுதக்கூடாதா?

தங்கம் சேமிப்புத்தானே என்பார்கள். நகை வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று கொடுக்கிறோம். விற்கும்போது எந்தக் கடையாவது அந்தச் செய்கூலியைத் திருப்பித் தருகிறதா? கழுத்திலே மின்னுகிற காலத்தைவிட அடகுக் கடையிலே உறங்குகிற காலம் அதிகமான சங்கிலிகளை நாம் அறிவோம். அட்சய திருதியை அன்று வாங்கினால் பொருள் வளரும் என்கிறார்கள். அன்று வளர்வது கடைக்காரர் பொருள்!

வாஸ்து என்கிறார்கள். நம் தெருவிலே ஒரு நண்பர், காற்றும் ஒளியும் வந்துகொண்டிருந்த அடுக்களைச் சன்னலை, திசை சரியில்லை என்று செங்கல் வைத்து அடைத்தார். அடைக்கக் கொத்தனாருக்குக் கூலி. இன்று நண்பகலிலும் அங்கே விளக்கு எரிகிறது. புகைபோக்கி விசிறி சுழல்கிறது. கதிரவன் இலவசமாகத் தந்த ஒளியை அடைத்துவிட்டு, மின்வாரியத்திற்குப் பணம் கட்டுகிறார். மிச்சம் பிடிக்கத் துணைவியாரிடம், கடுகை அளந்து போடச் சொல்கிறார்!

இங்கேதான் நாம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் நாட்டிலே சிக்கனம் என்பது பெண்ணுக்கு விதிக்கப்பட்ட நோன்பாக இருக்கிறது. அவள் கடைசியாக உண்கிறாள், மீந்ததை உண்கிறாள், மீறாவிட்டால் உண்பதில்லை. கிழிந்த சேலையைத் தைத்து உடுத்துகிறாள். அந்த மிச்சமெல்லாம் சேர்ந்து, ஆண்கள் திண்ணையில் பேசும் ஓர் இரவுப் பேச்சிலே பறந்துவிடுகிறது. அவள் வயிற்றிலே கைவைத்துச் சேர்ப்பது சிக்கனமன்று, கொடுமை. 1989இல் தர்மபுரி மாவட்டத்திலே மகளிர் தன்னுதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டபோது, சேமிப்பும் கடனும் பெண்கள் கையெழுத்திலேயே நடக்கும் என்று காட்டப்பட்டது. குழுக் கணக்கைப் பிசகாமல் எழுதுகிற பெண்ணுக்கு, தன் வீட்டுப் பெருஞ்செலவைப் பற்றிப் பேச உரிமையில்லையாம்!

ஆகவே நம் வீட்டிலே ஒரு புது ஏற்பாடு செய்தோம். நாட்குறிப்பிலே மூன்று பத்திகள். முதற்பத்தி தேவை. இரண்டாம் பத்தி வசதி. மூன்றாம் பத்தி அச்சம். அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் ஆகியவை தேவை. தேநீர், திரைப்படம், நல்ல சட்டை ஆகியவை வசதி. அவற்றை நாம் பழிக்கவில்லை, மனிதன் மகிழ வேண்டும். கடவுள் கோபிப்பார், கிரகம் கெடுக்கும், நாலு பேர் பேசுவார்கள் என்று செய்யும் செலவெல்லாம் அச்சம். ஞாயிறுதோறும் வீட்டார் அனைவரும் அமர்ந்து கணக்கைப் படிக்கிறோம். ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவு எதுவானாலும், அன்னையாரும் துணைவியாரும் மகளும் சரி என்று சொன்னால்தான் நடக்கும். திண்ணைத் தீர்மானம் செல்லாது.

முதல் திங்களிலேயே நமக்கு ஒரு படிப்பினை கிடைத்தது. கணக்கைப் படித்துக்கொண்டு வந்த அன்னையார் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பொன்னாடை, 350 ரூபாய் என்று எழுதியிருக்கிறாய். இது எந்தப் பத்தி, தம்பி?"

இயக்கக் கூட்டத்திற்குச் சென்றபோது, வந்திருந்த பேச்சாளருக்குப் போர்த்த வாங்கியது. அவருக்கு அன்று அது பதினேழாவது பொன்னாடை. அவர் குளிரால் நடுங்கியதாகவும் தெரியவில்லை. தேவையா? இல்லை. வசதியா? யாருக்கு? எல்லோரும் போர்த்தும்போது நாம் மட்டும் வெறுங்கையோடு நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று வாங்கினோம். மகள் நம் முகத்தைப் பார்த்தாள். துணைவியார் சிரிப்பை அடக்கினார். நம் பதிலுக்குக் காத்திராமல், அன்னையார் மூன்றாம் பத்தியிலே தம் கையால் எழுதினார்: 350.

அடுத்த கூட்டத்திற்கு நூல் ஒன்று வாங்கிச் சென்றோம். பேச்சாளர் அதை வாங்கியதும் விரித்துப் பார்த்தார்.

தோழர்களே! பூசணிக்காய் போன வழியைக் கேளுங்கள். முதலில் உங்களையே கேளுங்கள்; அடுத்தபடியாகத் திண்ணையைக் கேளுங்கள். கடுகைக் காத்த கைகளிடம் கணக்குப் புத்தகம் முழுவதையும் ஒப்படையுங்கள். உங்கள் வீட்டிலும் பழைய நாட்குறிப்பு ஒன்று இருக்கும். அதை இன்றிரவே எடுத்துப் புரட்டுங்கள். விவரம் எழுதப்படாத ஒற்றை வரி எங்கேனும் இருந்தால், அதன் பக்கத்திலே யாருடைய படிப்பு நின்றது என்பதை எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள்.